கிழக்கா மேற்கா என்று ஓல்டன் காத்திருந்த வருடம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். என் சிறுவயதில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் மாவு குழைக்கப் போனேன். அதற்குப் பிறகு நான் சிறுவனாக இருக்கவில்லை. ஆகவே என் மகனின் சிறுவயதிலிருந்து ஒன்றை எழுதுகிறேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஐம்பத்தொன்று. அந்த வருடம் நடந்தவற்றில் விபரம் தெரியாத பிள்ளையாக இருந்தவன் நான்தான். அதனால் இதை என் சிறுவயது நினைவாகவே சேர்த்துக்கொள்வதில் மலர்க்குழுவுக்கு ஆட்சேபணை இராது என்று நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுவிஸின் ஓல்டன் நகரில் முதன்முதலாகக் கறிவேப்பிலை விற்றவன் நான். இதை யாரும் மறுக்க முடியாது. இருபத்தைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து, ரயில் நிலைய உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். என் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய சமையற்காரர் கழுவும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பிறகு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். பிறகு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சொந்தக் கடை. கடையும் என் மகனும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். இத்தனையையும் அறுபது எழுபது ஜேர்மன் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு செய்து முடித்தேன். பட்டப்படிப்புப் படித்தவர்கள் என் கடை வாசலில் நின்று, அண்ணை உங்களுக்கு எப்படி இதெல்லாம் முடிஞ்சது என்று கேட்டிருக்கிறார்கள். தனிய நின்று செய்தேன் என்று சொல்லுவேன். அப்படித்தான் நம்பியும் இருந்தேன்.

மகன் உதைபந்தாட்டத்தில் வல்லவனானது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் பந்தை ஒழுங்காக உதைத்தது கிடையாது. ஆனால் அவனுக்கு என் கால் என்று நானே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கு முன் வாரக்கணக்காக ரயிலேறி ஜெனீவாவுக்குப் போய்ப் போரை நிறுத்தச் சொல்லிச் சதுக்கத்தில் நின்றவர்கள், பிறகு ஒருவரையொருவர் தெருவில் கண்டாலும் கதைக்க ஒன்றும் இல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்கள். இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

அந்த மௌனத்தை முதலில் கலைத்தவர் பார்சல் அண்ணை. பொதிகள் தரம் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்ததால் அவருக்கு அந்தப் பெயர். தனியாள். ஒரு சனிக்கிழமை ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போனவர், மைதானத்தில் என் மகன் நான்கு கோல் போட்டதைக் கண்டுவிட்டார். நேரே கடைக்கு வந்து, "ஐசே, நீர் வீட்டில என்னத்தை வளர்க்கிறீர் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அடுத்த கிழமை அவர் மூன்று பேரைக் கூட்டிப்போனார். இலையுதிர் காலத்தில் நாற்பது பேர் வந்தார்கள். போத்தலில் தேநீர், என் கடை ரோல்ஸ், குளிர்த் தொப்பிகள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க ஆறு சுவிஸ் பெற்றோரும் நாற்பது தமிழ் ஆண்களும் நின்றால் நடுவருக்கும் பயம் வரத்தானே செய்யும். ஒருநாள் அவர் வந்து ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். பார்சல் அண்ணை அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்தார்.

பிறகு கையில் குறிப்புப் புத்தகத்தோடு இரண்டு பேர் வெவ்வேறு நாட்களில் வந்தார்கள். ஒருவர் கிழக்கே உள்ள ஒரு பெரிய கழகத்தின் ஆள், மற்றவர் மேற்கே உள்ள ஒரு பெரிய கழகத்தின் ஆள். பெயர்கள் வேண்டாம். இரண்டு கழகங்களோடும் விளையாட்டுப் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கி, அரை நாள் படித்து அரை நாள் பயிற்சி எடுக்க வேண்டும். ஓகஸ்ட்டில் சேர வேண்டும், மே மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்திலிருந்து இப்படிக் கேட்கப்பட்ட ஒரே பிள்ளை என் மகன். சுவிஸ் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓல்டன் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குக் கட்சிக்குத் தலைவர் என் மைத்துனர், மனைவியின் தம்பி. மேற்குக் கட்சிக்குப் பார்சல் அண்ணை. பாராளுமன்றம் என் கடையின் காசுமேசைக்கு முன்னால் கூடும்.

"அத்தான், கிழக்கெண்டா முப்பது நிமிசம். விடிய இடியப்பத்தைக் கட்டிக்கொண்டுபோய்ப் பெடியனுக்குக் குடுத்திட்டு நீங்கள் கடை திறக்க வரலாம்" என்பார் மைத்துனர்.

"மேற்கும் அரை மணித்தியாலம்தான். இடியப்பம் ரெண்டு பக்கமும் ஆறாமப் போகும்" என்பார் பார்சல் அண்ணை. "அதோட அங்க முன்னுக்கு விளையாடுறவனுக்கு இப்ப முப்பத்துமூண்டு வயசு. அவன் வெளிக்கிட எங்கட ஆள் போய் நிக்கலாம்."

"எங்கட ஆளுக்குப் பதின்மூண்டு வயசு அண்ணை."

"அதுக்கென்ன. அவன் கொஞ்சம் ஆறுதலா வெளிக்கிடட்டும்."

அட்லிஸ்வில் முருகன் கோயிலில் மைத்துனர் என் மகன் பெயருக்குக் கிழக்கை நினைத்து அர்ச்சனை செய்வித்தார். அதே வெள்ளிக்கிழமை பார்சல் அண்ணையும் வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போய், அதே பெயருக்கும் அதே நட்சத்திரத்துக்கும் மேற்கை நினைத்து இன்னொரு சீட்டு எடுத்தார். இரண்டு பேரும் ஒரே ரயிலில் திரும்பி வந்து ஒருவரிடம் ஒருவர் பிடிபட்டார்கள். முருகன் பாவம்.

எனக்கு அந்த மாதங்களில் தரையில் கால் படவில்லை. வெங்காயம் வாங்க வந்த மனிசி கூட, உங்கட மகன் முடிவெடுத்திட்டாரோ என்று கேட்டுவிட்டுத்தான் வெங்காயத்தைத் தொட்டார். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். மகனை யாரும் கேட்கவில்லை. அவன் அதே காசுமேசையின் மறு அந்தத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், கடிதம் வாசித்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் வரும் ஜேர்மன் கடிதங்களை வாசித்தவன் அவன்தான். இந்த நாட்டில் எங்கள் வீடுகள் பலவற்றில் அப்படித்தான். பிள்ளை கடிதத்தைக் கத்தியால் வெட்டித் திறப்பான். நான் சாமான் அடுக்கிக்கொண்டே "என்னவாம்?" என்பேன். இரண்டு பக்கக் கடிதத்துக்கு ஒரு வசனத்தில் பதில் வரும். பதில் எழுத வேண்டியதை அவனே எழுதுவான், நான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து அழகானது. சுருக்கமாகப் பேசும் குணமும் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது என்று பெருமைப்பட்டேன்.

அந்த வருடம் அவன் சொன்ன வசனங்கள் சில எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. "கருவாட்டுப் பெட்டியை உள்ளுக்கு எடுத்து மூடி வைப்பம் அப்பா, வெயில் பட்டாப் பழுதாப் போகும்." வைத்தேன். "ஏழு மணிக்குப் பிறகு பாட்டுப் போடாமல் விடுவம், ஸ்பீக்கர் சூடாகுது." விட்டேன். "பின் படிக்கட்டை நாங்கள் கழுவினா நல்லம்." சனிக்கிழமைகளில் அவனும் நானும் கழுவினோம். கடையைச் சுவிஸ் தரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். என் சொந்த யோசனை என்றும் சொன்னேன்.

புதன்கிழமைப் பின்னேரங்களில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அன்று மகன் கடையில் நிற்பான். அன்றுதான் மழைக்கோட்டுப் போட்ட, தலை நரைத்த ஒரு சுவிஸ்காரர் மாதம் ஒருமுறை வருவார். கூரையைப் பார்ப்பார், மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடிப்பார், மகனோடு கொஞ்ச நேரம் கதைப்பார். "ஆர் தம்பி இவர்?" என்று கேட்டேன். "கட்டட நிர்வாகத்து ஆள் அப்பா. எங்கட கடையைப் பாக்க வாறவர்" என்றான். பார்க்க வராமல் இருப்பாரா. நான் அவருக்கு இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தேன். முதல் மாதம் வேண்டாம் என்றார். இரண்டாம் மாதம் வாங்கிக்கொண்டார். மூன்றாம் மாதம் வாசலிலேயே நின்று சாப்பிட்டார்.

ஏப்ரல் மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கழகத்தைப் பார்க்கப் போனேன். மேற்கைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. அப்படி ஒரு இடத்தை நான் அதுவரை கண்டதில்லை. மைதானம் ஐந்து. புல்லைச் சீப்பால் வாரியது போல வெட்டியிருந்தார்கள். சப்பாத்துகள் இலக்கப்படி தட்டில் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சிக்கும் பொறுப்பான நெடிய மனிதர் ஒருவர் வந்து கை தந்து, எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். நான் தமிழில் சொன்னேன், மகன் ஜேர்மனில் சொன்னான்.

"சொல்லு தம்பி, அப்பா ஏழாம் வகுப்போட வெளிக்கிட்டு, ஒருத்தற்ற உதவியும் இல்லாமல் தனிய நிண்டு கடை போட்டவர் எண்டு."

மகன் நான்கு சொல் சொன்னான்.

"அவ்வளவுதானோ?"

"ஜேர்மன்ல அது சின்ன வசனம் அப்பா."

அந்த மனிதர் பிறகு மகனை நேரே பார்த்து ஏதோ நீளமாகக் கேட்டார். என் எழுபது சொற்களில் இரண்டு மூன்றுதான் அதில் இருந்தன. திருப்பிக் கேட்பது என் பழக்கம் இல்லை. மகன் மேசையைப் பார்த்தபடி மெதுவாகப் பதில் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார், திரும்பவும் அவனைப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை உறையில் வைத்து அவனிடம் கொடுத்தார்.

"என்னவாம்?"

"நல்லா யோசிச்சுப்போட்டுச் சொல்லட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதின்மூன்று வருடம் வியாபாரத்தில் இருந்தவனுக்கு இது விளங்காதா. நல்ல சரக்கைக் கண்டால் நானும் முகத்தில் ஆசையைக் காட்டமாட்டேன். ஆக, விசயம் முடிந்தது. திரும்பும் ரயிலில் மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்தேன். பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும், விளங்கியிருக்காது.

"அப்பா, இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றான் மகன்.

"ஆருக்குச் சொன்னனான்? மாமாவுக்கு மட்டும்தான்."

ஓல்டனில் இறங்கியபோது மேடையில் ஏழு பேர் நின்றார்கள். மேற்குக் கட்சியிலிருந்தும் இருவர் வந்திருந்தார்கள். பார்சல் அண்ணை மகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பரவாயில்லை தம்பி, கிழக்கும் சுவிஸ்தானே" என்றார்.

அதன் பிறகு நான் செய்ததை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். பாராட்டு விழா வைத்தேன். படிவம் இன்னும் அனுப்பப்படவில்லை, ஆனால் மண்டபம் எடுத்தாயிற்று. அழைப்பிதழ் அடித்தேன். மகன் படத்துக்குக் கிழக்குக் கழகத்தின் செம்மஞ்சள் சட்டையைக் கணினியில் போட்டுவிட்டார்கள். அதே நிறத்தில் பந்து வடிவத்தில் மூன்று தட்டுக் கேக். பொன்னாடை இரண்டு, ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. எனக்குப் போர்த்துவது யார் என்பதைக் கூட நானே ஒழுங்கு செய்துவிட்டேன். அந்த நாட்களில் மகன் இரண்டு தடவை என்னிடம் வந்தான். முதல் தடவை நான் கேக் செய்யும் பெண்ணோடு தொலைபேசியில் இருந்தேன். இரண்டாம் தடவை பதாகையில் என் பெயரில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒரு விசயம் கதைக்கோணும்."

"விழா முடியக் கதைப்பம் தம்பி."

மே மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் இருநூற்றைம்பது பேர் வந்தார்கள். சூரிச்சிலிருந்தும் சனம் வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் நல்ல உடுப்பு உடுத்து, ஒருவருக்கொருவர் பகிடி விட்டு, ஒரு மண்டபத்தில் சேர்ந்து இருந்ததை அன்றுதான் கண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. பிள்ளைகள் நடனம் ஆடினார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். கறிவேப்பிலையில் தொடங்கிக் கிழக்குக் கழகத்தில் முடித்தேன். பிறகு மைத்துனர் ஒலிவாங்கியை மகனிடம் கொடுத்து, "இப்ப எங்கட மருமகன் தான் எங்க போறன் எண்டு தன்ர வாயால சொல்லுவார்" என்று அறிவித்தார்.

மகன் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"எல்லாருக்கும் வணக்கம். வந்ததுக்கு நன்றி. நான்... நான் ஒரு இடத்துக்கும் போகேல்லை. இஞ்ச எங்கட பள்ளிக்கூடத்திலதான் படிக்கப் போறன்."

சனம் சிரித்தது. மைத்துனரும் சிரித்துக்கொண்டு, "தம்பி பகிடி விடுறார்" என்றார்.

"இல்லை மாமா."

"அப்ப மேற்கோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஆசையோடு கேட்டது.

"இல்லை அண்ணை. ரெண்டும் இல்லை. அங்க விளையாடுறவை என்னைவிட நல்லா விளையாடுகினம். எனக்குப் பயமாயிருக்கு."

அந்தச் சொல்லை அவன் சத்தமாகவே சொன்னான். இருநூற்றைம்பது பேருக்கு முன்னால், என் மகன், பயம் என்று. பிறகு ஒலிவாங்கியை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. என் மனைவிதான் எழும்பினாள். கத்தியை எடுத்து, "பிள்ளையளுக்குப் பசிக்குது" என்று சொல்லி, கேக்கை வெட்டத் தொடங்கினாள். செம்மஞ்சள் பூச்சு எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் ஒட்டியிருந்தது. அவளுக்கு அப்போதே ஏதும் தெரியுமா என்று நான் இன்று வரை கேட்கவில்லை. ஓம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம்.

அந்தக் கோடை முழுவதும் நான் மகனோடு தேவைக்கு மட்டும் பேசினேன். அரிசியை எடு, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். கடைக்கு வந்தவர்கள் முதலில் ஆறுதல் சொன்னார்கள், பிறகு கதை சொன்னார்கள். தகப்பன் வாயால் உதைத்த பந்து என்று யாரோ சொன்னதாக மைத்துனர் வந்து சொன்னார். அவரே சொன்னதாகவும் இருக்கலாம். மைதானத்துக்கு வரும் கூட்டம் ஓகஸ்ட்டில் பன்னிரண்டு பேராகக் குறைந்தது, பனி விழும்போது ஒருவரானது. அந்த ஒருவர் பார்சல் அண்ணை. பழைய தொப்பியும் போத்தல் தேநீருமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நின்றார். நான் கடையை விட்டு அசையவில்லை. ஆட்டம் முடிய வந்து, "ரெண்டு கோல் ஐசே" என்று மட்டும் சொல்லி, ஒரு பக்கற் சீனி வாங்கிக்கொண்டு போவார். அந்த மனிதருக்கு அவ்வளவு சீனி தேவைப்பட்டிருக்காது. என் மகனின் கோல் கணக்கை எனக்குத் தெரியாமல் போக விடாத அவருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

மகன் வழமைபோலக் கடிதம் வாசித்தான், புதன்கிழமைகளில் கடையில் நின்றான். மழைக்கோட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு மாதம் வராமல் விட்டார். அன்று மகன் கடைக்குள் இரண்டு தடவை விசிலடித்ததைக் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, நாங்கள் கதைப்பதில்லையே. காலம் போகப் போக என் கோபம் தேய்ந்தது. அவன் படித்து முடித்து, ரயில் பாதைகளின் சமிக்ஞை விளக்குகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தான். அதையும் நான் கடையில் பெருமையாகச் சொன்னேன், ஓல்டனில் சிவப்பும் பச்சையும் என் மகன் கையில் என்று.

எட்டு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை, அந்த நரைத்த மனிதர் திரும்ப வந்தார். மழைக்கோட்டு இல்லை. அதற்குள் நானும் மனைவியின் வற்புறுத்தலில் ஒரு மொழி வகுப்புக்குப் போய் என் எழுபதை எழுநூறாக்கியிருந்தேன். ஓய்வு பெறுவதால் விடைபெற வந்ததாகச் சொன்னார். ரோல்ஸ் வாங்கினார். காசு வாங்க மறுத்தேன். பிறகு பழைய கடிதக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்து, இது அலுவலகத்துக்கு இனித் தேவையில்லை, உங்களிடம் இருப்பதுதான் சரி என்றார். மெதுவாகத்தான் பேசினார். நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக, விளங்காத இடங்களில் திருப்பிச் சொல்லும்படி கேட்டேன்.

அந்த வருடம் மாடியில் குடியிருந்தவர்கள் என் கடையைப் பற்றி முறைப்பாடு செய்திருக்கிறார்கள். கருவாட்டு மணம், பாட்டு, பின் படிக்கட்டில் அழுக்கு. நிர்வாகம் என் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அதற்கு என் கையெழுத்தோடு ஒரு பதில் போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, செய்யப்போகும் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு வருடம் தவணை கேட்டு. நிர்வாகம் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. மாதம் ஒருமுறை அவர் வந்து பார்ப்பார், அந்த நேரம் கடையில் ஜேர்மன் தெரிந்த ஒருவர் பொறுப்பாக நிற்க வேண்டும்.

எல்லாக் கடிதங்களும் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் இருந்தன. ஒன்றின் மூலையில் பிரித்தல் கணக்கு ஒன்று பாதியில் நின்றது. எழுதியது யார் என்று முதல் நாளே தெரியும் என்றார் அவர். தனக்கும் அதே வயதில் ஒரு மகன் இருந்தானாம், குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய் வைக்கச் சொன்னாலும் செய்யமாட்டானாம். அதனால் பேசாமல் இருந்துவிட்டாராம். கடைசிக் கடிதத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகும் புதன்கிழமைகளில் என் மகன் கடையில் நிற்பான், அதற்கு நான் உறுதி தருகிறேன் என்று நான் எழுதியிருந்தேன். திகதி, நாங்கள் கிழக்குக் கழகத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முந்தியது. கீழே என் அழகான கையெழுத்து.

அவர் போன பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தேன். தனிய நின்று போட்ட கடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனின் ஆட்டத்துக்குப் போனேன். ஆற்றங்கரை மைதானந்தான், கீழ்ப் பிரிவுக் கழகம், பார்க்க வந்தவர்களைவிட விளையாடியவர்கள் அதிகம். பார்சல் அண்ணை என்னைக் கண்டுவிட்டுத் தேநீர் ஊற்றித் தந்தார். ஆட்டம் முடிந்து மகன் ஓரத்து மரவாங்கில் அமர்ந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?"

எதைக் கேட்கிறேன் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"சொன்னா நீங்கள் மேல்மாடிக்காரரோட சண்டைக்குப் போயிருப்பியள்."

அது உண்மை. போயிருப்பேன். கடையும் போயிருக்கும்.

"ஒரு கடைக்காகவோ உன்ர விளையாட்டை விட்டனி?"

"எங்க விட்டனான்? இப்ப என்ன செய்துகொண்டு வாறன்?" என்று சேறு படிந்த கால்களைக் காட்டினான். பிறகு சிரித்தான். "நாளைக்கு மேடை போட்டு என்னைத் தியாகி எண்டு சொல்லிப்போடாதேங்கோ அப்பா. பாதிதான் கடை."

"மற்றப் பாதி?"

அவன் காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தான்.

"எனக்கு அந்த இடம் பிடிக்கேல்லை. அங்க ஒரு பெடியனும் சிரிக்கேல்லை. கோல் போட்டவனும் சிரிக்கேல்லை. நீங்களும் பாத்தனீங்கள்தானே."

ஓம் என்றேன்.

கிழக்குக் கழகத்துக்குப் போன அன்று மைதானத்தின் ஓரத்தில் நான் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். புல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள் என்று கேட்டேன். விளக்குக் கம்பங்களை எண்ணினேன். எனக்கு முன்னால் இருபது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுடைய முகமும் எனக்கு ஞாபகம் இல்லை.